அவிழாத முடிச்சும் வழுவமைதியும்



யாப்பு என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பது பொருள். சீரோடு சீரைப் பிணிப்பது தளை. கால்விலங்குக்கும் அதுவே பெயர். மோனை எதுகைகளால் அடிகளை இணைப்பது தொடை. பூக்காரியின் கை செய்வதும் தொடுத்தல்தான். நூல் என்ற சொல்லோ பஞ்சிலிருந்து நூற்பதற்கும் பனுவலுக்கும் பொதுவாக நிற்கிறது. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் அவ்விரண்டையும் ஒப்பிட்டே விளக்கியிருக்கிறார். செய்யுள் செய்வோர் நாள்தோறும் வழங்கும் சொற்களிற் பல, நாரும் நூலும் கயிறும் கையில் வைத்திருந்தோரிடமிருந்து கடன் வாங்கியவை. கடன் கொடுத்தவர் வீட்டிற்கு ஒருமுறை போய்வருவதில் தவறில்லை. ஆகவே இன்றைய உரை டாட்டிங் எனப்படும் கைமுடிச்சு லேஸையும், அதில் நேரும் பிழைகளையும், அப்பிழைகளை வைத்துக்கொண்டு கைகள் என்ன செய்கின்றன என்பதையும் பொருளாகக் கொள்கிறது.

டாட்டிங் ஊசி வேலையும் அன்று, தறி வேலையும் அன்று. அதற்கு வேண்டிய கருவி ஒரு நாடா மட்டுமே. தறியில் குறுக்கே ஓடும் நாடாவைச் சுருக்கி விரல் நீளத்திற்குக் கொண்டுவந்தால் எப்படியோ, அப்படி இருக்கும். இரு முனையும் கூர்ந்திருக்கும். நடுவில் நூல் சுற்றிவைக்க இடமிருக்கும். நெசவு நாடாவைத் தமிழ் ஓடம் என்றும் வழங்கும். ஜெர்மானியர் இவ்வேலைக்கு இட்ட பெயரும் 'சிற்றோட வேலை' என்றே பொருள்படுகிறது. எங்கோ இருக்கும் இரு மொழியினர், நூலின் ஊடே போய்வரும் ஒரு துண்டு மரத்தைக் கண்டு ஒரே உவமையை எண்ணியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் அவ்வளவு அன்போடு பெயர் வைக்கவில்லை. அவர்கள் 'ஃப்ரிவோலிதே' என்றனர். அற்பமானது என்பது அதன் பொருள். இத்தாலியர் அரட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'கியாக்கியெரினோ' என்று ஆக்கிக்கொண்டனர். பெண்கள் கூடியிருந்து செய்யும் வேலை எதுவாயினும் உலகம் அதற்குச் சூட்டும் பெயர் இவ்வண்ணமே அமைகிறது. அற்ப வேலை என்று பெயர் வைத்தவர்கள் ஒரு வளையத்தையேனும் தாமே மூடிப் பார்த்திருப்பார்களா என்பது ஐயத்திற்குரியது.

வேலையின் நுட்பத்தைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். அது விளங்காமல் பிழை விளங்காது. இடக்கை விரல்களைச் சுற்றி நூல் ஒரு வட்டமாக நிற்கும். வலக்கை நாடாவை அந்நூலின் கீழும் மேலுமாகச் செலுத்தும். ஒருமுறை சென்று வந்தால் அரை முடிச்சு. எதிர்முறையாக மற்றொருமுறை சென்றால் அடுத்த அரை. இரண்டும் சேர்ந்தது ஒரு முழு முடிச்சு. பார்ப்பதற்கு இவ்வளவே. சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. நாடா சென்று வந்த கணத்தில், நாடாவின் நூலே விரல் நூலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அப்போது இடக்கை விரல்களைத் தளர்த்தி, நாடாவின் நூலை விறைப்பாக இழுக்க வேண்டும். இழுத்தால், சுற்றியிருந்த நூல் நேராகும். நேராக இருந்த நூல் அதைச் சுற்றிக்கொள்ளும். முடிச்சு ஒரு நூலிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடுகிறது. இந்தத் தாவல் நிகழ்ந்தால்தான் முடிச்சுகள் நடுநூலின்மேல் மணிகளைப் போல நகரும். இருபது முடிச்சு சேர்ந்தபின் நடுநூலை இழுத்தால், வரிசை முழுவதும் வளைந்து ஒரு வளையமாக மூடிக்கொள்ளும்.

கற்பவர் அனைவரும் செய்யும் முதற்பிழை இத்தாவலைத் தவறவிடுவது. தாவாத முடிச்சு நடுநூலைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அது மற்ற முடிச்சுகளோடு தோளோடு தோளாக நிற்கும். கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. வளையத்தை மூட இழுக்கும்போதுதான் அது தன்னைக் காட்டும். பாதிவரை ஓடிவந்த நூல் அங்கே வந்து நின்றுவிடும். அதற்குப்பின் போட்ட பத்து முடிச்சும் நல்ல முடிச்சுகளே. ஆயினும் அந்த ஒன்றை அடையவேண்டுமானால் பத்தையும் ஊசிமுனையால் அரை அரையாக, கடைசியிலிருந்து பின்னோக்கி எடுத்துவர வேண்டும். தேர்ந்த கை இதை அறியும். அது ஒவ்வொரு முடிச்சு போட்டபின்னும் நூலை ஒருமுறை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துக்கொள்ளும். பேச்சு நடுவிலும் அந்த இழுப்பு நிற்காது.

முடிச்சுகளுக்கு இடையே வேண்டுமென்றே சிறு இடைவெளி விட்டு நெருக்கினால், அவ்விடத்து நூல் சிறு காதாக எழுந்து நிற்கும். அதற்குப் பிரெஞ்சில் 'பிக்கோ' என்று பெயர். இச்சொல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. புதுச்சேலை வாங்கியவுடன் தையற்கடையில் 'ஃபால்ஸ் வைத்துப் பீக்கோ அடித்துக் கொடுங்கள்' என்று கேட்காத வீடு குறைவு; அந்தப் பீக்கோ இதன் வழிவந்ததே. டாட்டிங்கில் அது அழகுக்காக மட்டும் இருப்பதன்று. அடுத்த வளையம் முந்தைய வளையத்தின் பீக்கோவைப் பற்றிக்கொண்டுதான் அதனோடு இணைகிறது. ஆகவே இணைவிடத்தில் ஒரு பீக்கோவை விட்டுவிட்டால், பற்றிக்கொள்ளக் கையில்லாத அண்டைவீட்டுக்காரரைப் போல அவ்வளையம் நிற்கும். வளையம் மூடியபின் புதிதாக ஒரு பீக்கோவை அங்கே முளைக்கவைக்க வழியில்லை. அனுபவமுள்ளவர் இரு முடிச்சுகளுக்கு நடுவே கொக்கிமுனையை நுழைத்து, அங்கேயே நூலை வாங்கி இணைத்துவிடுவர். இணைப்பு சற்றே இறுக்கமாக இருக்கும். மடியில் வைத்துப் பார்த்தால் தெரியும்; மேசைமேல் விரித்தால் தெரியாது.

எண்ணிக்கைப் பிழை இன்னும் தந்திரமானது. ஐந்து, பீக்கோ, ஐந்து, பீக்கோ, ஐந்து, பீக்கோ, ஐந்து என்பது ஒரு வளையத்தின் கட்டளையானால், எங்கோ ஓரிடத்தில் ஆறு விழுந்திருக்கும். வெண்பாவின் இரண்டாம் அடியில் காய்முன் நிரை வந்து தளை தட்டியிருப்பதை ஈற்றடிக்கு முச்சீர் தேடும்போது கண்டவர்களுக்கு இந்நிலை விளங்கும். வட்டமாக வளரும் விரிப்பில் இது கூடிக்கொண்டே போகும். வெளிச்சுற்றின் வளைவுகளில் முடிச்சு குறைந்தால் விரிப்பு கிண்ணம்போல் குவியும். மிகுந்தால் விளிம்பு அலையாக எழும். எங்கே தொடங்கியது அந்தக் குவிவு என்று பின்னோக்கித் தேடினால், மூன்று மாலைகளுக்கு முந்தைய ஒரு வளையத்தில் போய் நிற்கும்.

இந்த இடத்தில் டாட்டிங்கை அதன் உறவினரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குரோஷாவில் பிழை நேர்ந்தால் கொக்கியை உருவிவிட்டு நூலை இழுத்தால் போதும். வரிசை வரிசையாக அவிழ்ந்து, பிழை இருந்த இடத்திற்கு வந்து நிற்கலாம். செய்த வேலை போகும், நூல் மிஞ்சும். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் திண்டு லேஸில், வந்த வழியே திரும்பலாம். குறுக்கிட்டதை மறுகுறுக்கிட்டு, முறுக்கியதை எதிர்முறுக்கி, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே பின்செல்லலாம். டாட்டிங்கில் இவ்விரண்டும் இல்லை. அது முடிச்சு. இழுத்தால் அவிழாது, இழுக்க இழுக்க இறுகும். ஓலையில் எழுத்தாணி கீறியதை அழிக்க இயலாமல் மேலே எழுதிச்சென்றவர்களின் நிலைதான் அது.

தமிழ்நாட்டு லேஸ் வரலாறு பெரிதும் அந்தத் திண்டு லேஸின் வரலாறே. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட், அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, அதனோடு லேஸ் பின்னவும் கற்பித்தார். அவர்தம் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே பிறந்து வளர்ந்தவர். 1844-இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றபோது, அவரோடு லேஸும் சென்றது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் உருவான வீட்டின் மற்றொரு பகுதியில் நூற்கட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தன என்பது இலக்கிய வரலாறுகளில் அதிகம் பேசப்படாத செய்தி. வேற்றுமை உருபுகளை ஒருவர் அடுக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் பனையேறிகளின் பெண்மக்கள் குண்டூசிகளை அடுக்கிக்கொண்டிருந்தனர்.

ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. தாம் எழுதியதில் எது பிழை, எது நிற்கத்தக்கது என்று ஆய்ந்து முடிவுசெய்ய அந்நூலாசிரியருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் கிடைத்தன. முடிவு செய்யும் உரிமையும் அவருடையதாகவே இருந்தது. திண்டின் முன்னிருந்த பெண்ணுக்கு இரண்டாம் பதிப்பு இல்லை. அவள் பின்னிய விளிம்பை விலைமதித்த கண்கள் ஐரோப்பியருடையவை. எந்த முறுக்கு பொறுக்கத்தக்கது, எது தள்ளத்தக்கது என்பதை அணியப்போகிறவர்கள் முடிவுசெய்தனர். திருவிதாங்கூரில் அடிமைப்பட்ட குடும்பங்களின் பெண்கள் லேஸ் வருவாயால் தம் விடுதலையை வாங்கிக்கொள்ள முடிந்தது என்று மிஷன் வரலாறுகள் பெருமையோடு குறிக்கின்றன; அடிமைமுறை அங்கே சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அதே நாட்டில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்கான உரிமைக்கு 1859-ஆம் ஆண்டின் அரசாணை வரை போராட வேண்டியிருந்தது. பிறர் கழுத்துக்கும் கைவிளிம்புக்கும் லேஸ் பின்னிய கைகள், தம் தோளுக்கு ஒரு துணி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் ஒரு கட்டை இடம் மாறி விழுந்த பிழை, இன்று பொழுதுபோக்காகப் பின்னுகிறவரின் பிழைபோன்ற எடை உடையதன்று.

ஆந்திரத்து நரசாபுரத்தின் குரோஷா லேஸ் இதற்கு மற்றொரு சான்று. தெலுங்கில் கைவேலையைச் 'சேதிபனி' என்பர். ஓசூர்ப் பகுதியில் அச்சொல்லுக்குப் பொருள் கூறத் தேவையில்லை. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலாளர் 1982-இல் நரசாபுரத்து லேஸ் பெண்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்கு உழைத்தும், அப்பெண்கள் 'இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்' என்று கணக்கில் வராமற் போனதையும், அவர்களுடைய வருவாய் சட்டம் வகுத்த குறைந்த கூலியைக்கூட எட்டாததையும் அந்நூல் எடுத்துக்காட்டியது. ஃப்ரிவோலிதே என்ற பழைய பெயர் வேறு வடிவில் வேலை செய்திருக்கிறது. 2024-இல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் காக்கப்பட்டது நன்று. கூலிவேலையில் அவிழ்த்துப் பின்னும் நேரம் யாருடைய கணக்கில் ஏறுகிறது என்ற கேள்விக்குப் புவிசார் குறியீட்டில் விடை இல்லை.

இனி ஓசூர். லேஸ் வரலாற்றில் இவ்வூரின் பெயர் இல்லை. இதன் கைத்திறன் இரும்பிலும் எஃகிலும் வளர்ந்தது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது, 1980-இல் டி.வி.எஸ். 50 இங்கிருந்து சாலைக்கு வந்தது. 1984-இல் டாடா குழுமமும் டிட்கோவும் கூடித் தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரத்தை இங்கே செய்யலாயிற்று. தென்மாவட்டங்களிலிருந்தும் கொங்கிலிருந்தும் எல்லைக்கு அப்பாலிருந்தும் வந்தவர்கள் இவ்வூரை நிரப்பினர். அவர்களுடைய பெட்டிகளில் அவரவர் ஊரின் சமையலும் பேச்சும் கைவேலையும் வந்தன. ஆயினும் பிழையைப் பற்றி ஓசூருக்குச் சொல்லத் தெரிந்த அளவு வேறெந்த ஊருக்கும் தெரியாது. ஏனெனில் இங்கே பிழையைக் கண்டுபிடிப்பதே பலருக்குத் தொழில்.

ஆலையில் ஒரு துளையின் விட்டம் 12.00 மில்லிமீட்டர் என்று வரைபடம் கேட்கிறது; இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஓர் எல்லையும் குறிக்கிறது. அளந்தால் எல்லைக்கு வெளியே நிற்கிறது. துளை சிறுத்திருந்தால் அச்சமில்லை. 'ரீவொர்க்' என்று எழுதி மீண்டும் குடையலாம். பெருத்திருந்தால் குடைந்தெடுத்த இரும்பு திரும்பி வராது. 'ஸ்க்ராப்' என்று சிவப்புத் தொட்டியில் விழும். இவ்விரண்டும் எவரும் அறிந்தவை. மூன்றாவதாக ஒன்றுண்டு. அளவு தவறியதுதான்; ஆனால் அது போய்ப் பொருந்தும் இடத்தில் அத்தவறு தீங்கு செய்யாது என்று கண்டால், அதற்கென ஒரு தாள் எழுதி, உரியவர் கையொப்பமிட்டு, அப்பொருளை அப்படியே ஏற்றுக்கொள்வர். தொழிற்கூடத்தில் அதற்கு 'டீவியேஷன்' என்று பெயர். 'டீவியேஷன் வாங்கியாயிற்று' என்றால் தவறு தவறாகவே இருந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது என்பது பொருள்.

அவையிலுள்ள புலவர் பெருமக்கள் இதற்குள் அடையாளம் கண்டிருப்பர். வழாநிலை, வழு, வழுவமைதி என்று தமிழிலக்கணம் வகுத்ததில் மூன்றாவது இதுவேயன்றோ! திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழிடத்தில் வழு நேரும் என்று சொன்ன இலக்கணம், அதோடு கடையைக் கட்டவில்லை. பசுவைத் தடவிக்கொடுத்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவன் சொன்னால், அஃறிணையை உயர்திணையாக்கிய வழுதான் அது. ஆனால் உவப்பினால் வந்தமையின் அமைக என்றது. சினமும் இழிப்பும்கூட அவ்வாறே ஏற்கத்தக்க காரணங்களாயின. வழுவைச் சரி என்று அது சொல்லவில்லை என்பதைக் கருத வேண்டும். வழு என்று பெயரிட்டுவிட்டே அமைத்துக்கொண்டது. ஆலைத்தாளும் அப்படியே: அளவு 12.00 என்று திருத்தி எழுதுவதில்லை. தவறிய அளவை உள்ளபடி எழுதித்தான் கையொப்பமிடுகிறார்கள்.

இலக்கணம் இன்னும் ஒருபடி சென்றது. 'இல்லின் முன்' என்று வரவேண்டியது முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆயிற்று. அதற்கு இலக்கணப்போலி என்று பெயர் கொடுத்து வீட்டுவாசலிலேயே உட்காரவைத்தது. டாட்டிங்கிலும் ஒரு முன்றில் உண்டு. முழு முடிச்சின் இரு பாதிகளை முன்பின்னாக மாற்றிப் போட்டுவிடுவது தொடக்கக்காரர் பிழை. ஆனால் லேஸுக்கு முகப்பு, பின்புறம் என்று இரண்டுண்டு. திருப்பிப் பிடித்துப் பின்னும் பகுதி முகப்பில் வேறு தோற்றம் காட்டும். முகப்பு முழுவதும் ஒரே சீராக இருக்கவேண்டும் என்று விரும்பும் தேர்ந்த கைகள், அப்பகுதிகளில் வேண்டுமென்றே பாதிகளை மாற்றிப் போடுகின்றன. அவ்வாறே ஒரு பாதியை மட்டும் மீண்டும் மீண்டும் போட்டு மறுபாதியை மறந்தால், வரிசை திருகிக்கொள்ளும், அதுவும் பிழை. அத்திருகலையே விரும்பி, எண்ணி, வளையமாக மூடினால் அது 'ஜோசபின் முடிச்சு' என்னும் பெயர்பெற்ற அணி. செய்யுளில் சொல்லின் தலையோ இடையோ கடையோ குறைந்து நிற்கக் கண்டு, முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று பெயரிட்டு இடங்கொடுத்தவர்களுக்கு இது வியப்பாகாது.

எல்லாப் பிழையும் இவ்வாறு அணியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்வது வேறு. பாரசீகக் கம்பளம் நெய்வோர், முழுமை கடவுளுக்கே உரியது என்று கருதி ஒரு முடிச்சை வேண்டுமென்றே தவறாகப் போடுவர் என்றொரு கதை உலவுகிறது. அது கம்பளம் விற்போருக்கு உதவும் கதை. கேளாமலே இத்தனை பிழை வந்துசேரும் கைத்தொழிலில், வேண்டி ஒன்றை வரவழைக்க வேண்டிய தேவை எந்தக் கைக்கும் இராது. தாவாத முடிச்சை எந்த இலக்கணமும் அமைத்துக்கொள்ளாது. வளையம் மூடவில்லை என்றால் மூடவில்லைதான்.

அவ்வாறான இடத்தில் செய்யத்தக்கவை சிலவே. மூடிய வளையத்தைத் திறக்க வேண்டுமானால், ஒரு பீக்கோவின் இருபுறமும் உள்ள முடிச்சுகளை மெல்ல விலக்க வேண்டும். உள்ளே நடுநூல் தென்படும். ஊசிமுனையால் அதைச் சிறிது தூக்கினால் கொஞ்சம் தளர்ச்சி கிடைக்கும். அத்தளர்ச்சியை முடிச்சு முடிச்சாக நகர்த்திக்கொண்டுபோய் வாய்ப்புறம் சேர்த்தால், வளையம் மெல்லத் திறக்கும். ஆங்கர் நூல் உருண்டையிலிருந்து புதிதாக எடுத்த வழவழப்பான நூலானால் இது கைகூடும். இருமுறை மும்முறை செய்தால் நூல் நார்நாராகப் பிரிந்து, நடுநூல் அற்றே போகலாம். அற்றால் கத்தரிதான். கத்தரிப்பதிலும் ஒரு முறையுண்டு. பிழையுள்ள வளையத்தை அடியோடு வெட்டக்கூடாது; அதன் முடிச்சுகளைச் சிறிது பிரித்து, நுனி கட்டுவதற்குப் போதுமான நீளம் கண்டபின்னரே வெட்டவேண்டும். புதுநூலை நெசவாளர் முடிச்சால் இணைத்து, நுனிகளை ஊசியில் கோத்து, பக்கத்து முடிச்சுகளின் வயிற்றுக்குள் ஒளித்துவைக்க வேண்டும். ஒளித்த இடம் சற்றுத் தடித்திருக்கும். அந்தத் தடிப்பைக் கண்டு கூசுகிறவர்கள், ஒரு முடிச்சு மிகுந்த பழைய வளையத்தையே விட்டுவைத்திருக்கலாமே என்று பிறகு எண்ணுவதுண்டு. வெட்டி வெட்டித் திருத்தி, எந்த விரிப்பையும் முடிக்காமல் போனவர்கள் கைவேலையிலும் உண்டு, கவிதையிலும் உண்டு.

கவிதையை இங்கே இழுத்ததற்கு ஓசூரே காரணம். ஹொசூரு என்ற கன்னடப் புத்தூர், தமிழ் நாவில் ஓசூர் ஆயிற்று. ஊரின் பெயரே ஒரு மரூஉ. இங்கே வீட்டில் தெலுங்கும், அண்டைவீட்டில் கன்னடமும், கடைத்தெருவில் உருதும், ஆலையில் எல்லாம் கலந்ததும் பேசிவிட்டு, இரவில் தமிழில் கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் படியில் எதைத் திருத்துவது, எதை விடுவது என்பது எல்லைப்புற இலக்கிய வட்டம் எதுவும் தப்பமுடியாத கேள்வி. ஒற்றுப்பிழை தாவாத முடிச்சுதான். 'வேலை கொடு' என்று ஆலைவாயிலில் தட்டி பிடித்தவர் இடையில் ஒரு 'க்' சேர்த்து 'வேலைக் கொடு' என்று எழுதிவிட்டால், பிழைப்பைக் கேட்க வந்தவர் ஆயுதம் கேட்டதாக முடியும். அதை அப்போதே, அடுத்த முடிச்சு விழுமுன் எடுத்துவிட வேண்டும்; வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெலுங்கு பேசும் வீட்டில் தாய் சொன்ன ஒரு வழக்கு, தமிழ் வரியில் முன்பின்னாக வந்து அமர்ந்திருந்தால், அதன்மேல் கத்தரி வைக்குமுன் சற்றுப் பொறுக்க வேண்டும். அது முன்றிலாகவும் இருக்கக்கூடும்.

யார் பொறுப்பது என்பதுதான் சிக்கல். ஆலையில் டீவியேஷன் தாளில் இயந்திரத்தின்முன் நின்றவரின் கையொப்பம் போதாது. மிஷன் லேஸில் பின்னியவளின் சொல் செல்லவில்லை. நரசாபுரத்தில் வணிகர் சொன்னதே விலை. இலக்கணத்தில் சான்றோர் வழக்கு என்ற ஒன்றைச் சுட்டுவர். அச்சான்றோர் பட்டியலில் இடம்பெறாதவர்களே நாட்டில் மிகுதி. இவ்வரிசையில் தன் மடியில், தன் நூலில், தனக்காகப் பின்னும் டாட்டிங் ஒன்றுதான் வேறாக நிற்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, விடுதி அறையில் நாடாவை எடுக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். எட்டு மணி நேரம் பிறர் வகுத்த எல்லைக்குள் அளவு பார்த்த கண்கள் அவளுடையவை. ஆறாம் முடிச்சைக் கண்டதும் அவ்விரல்கள் கத்தரியைத் தேடும். பழக்கம் அப்படி. ஆனால் இங்கே தாள் எழுதுகிறவளும் கையொப்பமிடுகிறவளும் அவளே. ஐந்துக்கு ஆறாக விழுந்ததை எதிர்ப்புற வளையத்திலும் ஆறாகவே போட்டு ஒரு கோலமாக்கிக்கொள்ள அவளால் முடியும், வெட்டவும் முடியும், அப்படியே விட்டுவிடவும் முடியும். ஆலையிலோ அங்காடியிலோ அவளுக்குக் கிடைக்காத அதிகாரம் அது. விரல் நீள ஓடத்தில் அது ஏறி வருகிறது என்பதால் சிறிதாகிவிடாது.

இவ்வேலையில் ஊறியவர்கள் கையாளும் வழக்கம் ஒன்றுண்டு. விளக்கொளியில் பிழையென்று பட்டதை விளக்கொளியில் வெட்டமாட்டார்கள். அவ்விடத்தில் சிறு சிவப்பு நூலொன்றைத் தளர்வாகக் கட்டிவிட்டு மேலே போவார்கள். சுற்று முடிந்து, முதல் வளையத்தின் பீக்கோ திருகாதபடி மடித்துப் பிடித்துக் கடைசி வளையத்தை அதனோடு இணைத்து, இரு நுனிகளையும் ஒளித்தபின், விரிப்பை ஈரத்துணிமேல் பரப்பி, விளிம்பெங்கும் ஊசி குத்திக் காயவிடுவார்கள். மறுநாள் பகலில் ஊசிகளை எடுத்துவிட்டு, சிவப்பு நூலையும் உருவிவிட்டு, விரிப்பை இரண்டொரு முறை சுழற்றிப் போடுவார்கள். பிறகு அந்த இடத்தைத் தேடுவார்கள்.